ஒன்பது நாள் போதாது, தோழர்களே!

2025 ஏப்ரல் 23, சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலின் வேட்புமனுத் தாக்கல். மே 1ஆம் தேதி இரவோடு பிரசாரம் முடிந்தது. மறுநாள் பிரசார ஓய்வு நாள், அதற்கு மறுநாள் வாக்களிப்பு. மொத்தம் ஒன்பது நாள்! ஊருக்குப் பழக்கமில்லாத ஒரு வேட்பாளர் இந்த ஒன்பது நாளுக்குள் தன் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, கொள்கையை விளக்கி, 1959 முதல் ஆட்சியில் இருக்கும் ஒரு கட்சியோடு மோதி முடிக்க வேண்டும். அவருக்கு மேடை யார் கொடுத்தார்கள்? பதில் உங்களுக்கே தெரியும்.

தொலைக்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் காலத்துக் கட்சி ஒளிபரப்பில் பேச வேண்டுமானால் ஒரு கட்சி குறைந்தது ஆறு வேட்பாளர்களை நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை வேட்பாளரோ அதற்கேற்ற நேரம். சுயேச்சை ஒருவர் தலைகீழாக நின்றாலும் ஆறு பேராக முடியாது. ஆகவே வசந்தம் ஒளிவழியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஒளிபரப்பில் சுயேச்சையின் குரலே கிடையாது. 2020 தேர்தலில் கட்சிகளுக்கிடையே நேரடி விவாதம் நடந்தது. ஆங்கிலத்தில் ஒன்று, மாண்டரினில் ஒன்று. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி, தோழர்களே! நாணயத்திலும் இருக்கிறது, எம்ஆர்டி நிலையப் பலகையிலும் இருக்கிறது. அந்த விவாத மேடையில் மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

செய்தித்தாள் எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டின் செய்தித்தாள் மற்றும் அச்சகச் சட்டம் நிர்வாகப் பங்கு என்று ஒன்றை வைத்தது. இயக்குநர்களை நியமிக்கவும் நீக்கவும் அந்தப் பங்கு ஒவ்வொன்றுக்கும் 200 வாக்கு. அதை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். எஸ்பிஎச் மீடியா டிரஸ்டுக்கு ஐந்தாண்டுக் காலம், ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை தருவதாக 2022இல் அரசு அறிவித்தது. நமக்கிருக்கும் ஒரே தமிழ் நாளிதழான தமிழ் முரசு அந்த நிறுவனத்தின் கீழ். வசந்தமும் ஒலி வானொலியும் மீடியாகார்ப்பின் கீழ், மீடியாகார்ப் தெமாசெக்கின் கீழ். அங்கே வேலை பார்க்கும் நிருபர்கள் நம் விரோதிகள் அல்லர், பலர் நம் பிள்ளைகள். கட்டமைப்பு இப்படி இருக்கும்போது, வெளியாள் வேட்பாளரைத் தேடி அது தானாக வரும் என்று காத்திருப்பது நம் ஏமாளித்தனம்.

வேட்பாளருக்கு மேடை கிடைப்பதற்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். வாருங்கள், லிட்டில் இந்தியாவுக்கே போவோம்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்து மோதித் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் இறந்தார். கலவரம் மூண்டது. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது, 57 பேர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். 2014 பிப்ரவரியில் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அந்த வட்டாரத்துக்குள் வருபவரை மதுவுக்காகச் சோதிக்கவும், உள்ளே வரவேண்டாம் என்று தடுக்கவும் அது காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. இருக்கிற சட்டமே போதாதா என்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் ஆட்சேபித்தார்கள். 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிரந்தரமாகவே உட்கார்ந்துவிட்டது. தீவு முழுக்கப் பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்தத் தடை. கேலாங்கிலும் லிட்டில் இந்தியாவிலும் மட்டும் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கும் தடை திங்கட்கிழமை காலை 7 வரை நீள்கிறது.

குடிப்பது நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் நிற்பவனுக்கு ஒரு ஞாயிறு, சிராங்கூன் சாலையில் நிற்பவனுக்கு வேறொரு ஞாயிறு என்று ஏன் ஆனது? அந்தக் கேள்வியைத் தேர்தல் மேடையில் தமிழில் எடுத்துவைத்த வேட்பாளர் எத்தனை பேர்? எடுத்துவைத்திருந்தாலும் நம் காதில் விழுந்திருக்குமா? கேள்வி கேட்பவன் கண்ணில் படாவிட்டால் கேள்வியும் செத்துவிடுகிறது. பிறகு கட்டுப்பாடு நமக்கே பழகிப்போகிறது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அதே சிராங்கூன் சாலைதான் சாட்சி. தைப்பூச ஊர்வலத்தில் மேளத்துக்கும் வாத்தியத்துக்கும் 1973 முதல் தடை. 2015 தைப்பூசத்தில் மேளம் வாசித்ததில் தகராறு எழுந்து மூவர் கைதானார்கள். அந்த ஆண்டு நம் சனம் வாய்மூடி இருக்கவில்லை. குடும்பம் குடும்பமாகப் பேசியது, கையெழுத்துப் போட்டது, கருத்துக் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டது. 2016இல், நாற்பதாண்டுக்குப் பிறகு, ஊர்வலப் பாதையில் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால், தோழர்களே!

ஜே.பி. ஜெயரத்னத்தை மறந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த அந்த மனிதர் 1972இல் நம் ஃபேரர் பார்க் தொகுதியில் நின்று தோற்றார். 1976, 1977, 1979, 1980 என்று தோற்றுக்கொண்டே வந்தார். 1981 அக்டோபர் 31இல் ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்று, சுதந்திர சிங்கப்பூரில் முதன்முதலாகத் தேர்தலில் வென்ற எதிர்க்கட்சி உறுப்பினர் ஆனார். பின்னாளில் அவரைப் பற்றிப் பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர்கள் எடுத்த சின்ன ஆவணப்படம்கூட, திரைப்படச் சட்டத்தின்கீழ் வழக்கு வரலாம் என்ற எச்சரிக்கைக்குப் பிறகு 2001 திரைப்பட விழாவிலிருந்து எடுக்கப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய அவர் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலைய வாசலில் புத்தகங்களைக் கையில் பிடித்தபடி நின்று விற்றார். பலர் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். நின்று வாங்கியவர்களிடம் அவர் பேசினார்.

அவரை வீழ்த்திய வழக்குகளில் ஒன்று ஒரு தமிழ்க் கட்டுரையால் வந்தது. 1995இல் அவருடைய பாட்டாளிக் கட்சியின் 'தி ஹேமர்' ஏட்டில் வந்த அந்தக் கட்டுரைக்காகத் தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். இழப்பீட்டுத் தவணை தவறியதில் 2001இல் அவர் திவாலானார், தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவியும் பறிபோனது. ஆகவே தோழர்களே, நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கையில் இருக்கட்டும். ஆத்திரத்தில் ஒருவரைத் திட்டி வாட்ஸ்அப்பில் போடுவது வீரம் ஆகாது. அது எதிராளிக்கு நாமே சாவியைக் கொடுப்பது. 2019 முதல் பொய்ச் செய்திக்கு எதிரான பொஃப்மா சட்டமும் இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், சரிபார்த்துச் சொல்லுங்கள், உங்கள் பெயரோடு சொல்லுங்கள்.

வெளியாளால் முடியாது என்று யாராவது சொன்னால் மவுண்ட்பேட்டனைக் காட்டுங்கள். 2025இல் அந்தத் தனித்தொகுதியில் கட்சி எதுவும் இல்லாமல் நின்ற ஜெரமி டான் 36 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கினார். அவர் சொன்ன கொள்கை எல்லாம் எனக்கு உடன்பாடு என்று நான் சொல்லவில்லை. கட்சி ஒளிபரப்பில் ஒரு நிமிடம்கூட இல்லாதவருக்கு மூவரில் ஒருவர் வாக்களித்தார் என்பதே செய்தி. அதே நேரத்தில் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், போட்டியிட ஆளில்லாததால், வாக்குச்சீட்டையே பார்க்கவில்லை. ஒரு பக்கம் பசி, இன்னொரு பக்கம் பூட்டிய கதவு. இரண்டுக்கும் நடுவில் நாம் சும்மா நிற்கலாமா?

அடுத்த பொதுத்தேர்தல் 2030 முடிவதற்குள் வந்தாக வேண்டும். தேதி அறிவிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர் தோல்விக்கு இப்போதே நாள் குறிக்கிறார். வேலையை இன்றே தொடங்குவோம்.

ஆளுக்கு ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு தளமாக இறங்குங்கள். முதல் தடவை வாக்குக் கேட்காதீர்கள், என்ன குறை என்று கேளுங்கள். எந்தப் புளோக்குக்குப் போனாலும் ஓர் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "சீட்டுல நம்பர் போட்டிருக்கேப்பா, என் பையன் அரசாங்க வேலையில இருக்கான்." சிரிக்காதீர்கள். உட்கார்ந்து விளக்குங்கள். அந்த எண் கள்ளச் சீட்டைத் தடுப்பதற்கு. எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டிவைக்கப்படுகின்றன, பிறகு அழிக்கப்படுகின்றன. வாக்கு ரகசியம் ரகசியமேதான். இந்த ஒரு பயத்தைப் போக்கினால் பாதித் தேர்தல் வென்றதற்குச் சமம்.

வேட்பாளரைத் தமிழில் பேசவையுங்கள். தமிழ் தெரியாதவரானால் நீங்கள் மொழிபெயர்த்துக் குரல் கொடுங்கள். மூன்று நிமிடம் போதும், நம் அத்தை மாமாக்கள் கேட்பார்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2020 கணக்கெடுப்பில் வெறும் 2.5 விழுக்காடு. இவ்வளவு சின்ன வட்டத்தில் ஒரு நல்ல பேச்சு ஒரே வாரத்தில் ஊர் சுற்றிவரும்.

பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுங்கள், மரியாதையாக, விடாமல். அடுத்த தேர்தலில் தமிழிலும் விவாதம் வேண்டும் என்று கேளுங்கள். சுயேச்சைக்கும் நேரம் வேண்டும் என்று கேளுங்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார ஏடாக, ஒரு காசு விலையில் தமிழ் முரசைத் தொடங்கியபோது யாரும் அவருக்கு மேடை போட்டுத் தரவில்லை.

கையெழுத்துப் போடத் தயாராகுங்கள். ஒரு வேட்புமனுவுக்கு முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், ஆதரித்துக் கையெழுத்திட இன்னும் நால்வர், அனைவரும் அதே தொகுதி வாக்காளர்களாக வேண்டும். துணிந்து பெயர் எழுத ஆறு பேர் கிடைக்காத இடத்தில் எந்த வேட்பாளரும் முளைக்க முடியாது. அந்த ஆறில் ஒருவர் நீங்களாக இருங்கள்.

ஓர் எச்சரிக்கை. வேலை அனுமதியில் இருக்கும் நம் சகோதரர்களை இதில் இழுக்காதீர்கள். பிரசாரம் குடிமக்களுக்கு மட்டுமே. அவர்களுடைய பிழைப்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரே ஓர் ஆள் ஓர் அட்டையைத் தூக்கி நின்றாலும் 2009 பொது ஒழுங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நமக்குத் திறந்திருப்பது 2000 முதல் ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. அதைப் புல் மட்டும் வளரும் இடமாக விடாதீர்கள். மாதம் ஒருமுறை அங்கே ஒரு தமிழ்க் குரல் ஒலிக்கட்டும்.

தோழர்களே, வரும் ஞாயிறு காலை உங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஏறி மேல்மாடிப் பொத்தானை அழுத்துங்கள். முதல் கதவைத் தட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே கதவுக்குத் திரும்பப் போங்கள். ஒன்பது நாளை ஆளுங்கட்சி வைத்துக்கொள்ளட்டும், மிச்சமிருக்கும் ஆண்டுகள் முழுக்க நம்முடையவை. கிளம்புங்கள்!