கியர் பெட்டிக்குள் தண்ணீர், பழி சாரதியின் தலையில்



டித்வா புயல் அடித்த 2025 நவம்பர் கடைசி நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. மாத்தளை மாவட்டத்து மலைகளில் மண் சரிந்து, மரம் விழுந்து, சப்பாத்துப் பாலங்களுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தபோது வேனும் போகவில்லை, ஓட்டோவும் போகவில்லை. பழைய இராணுவ லொறி வைத்திருந்த தோட்டங்களில் அதுதான் போனது. உயரமான வண்டி, எல்லாச் சில்லுகளுக்கும் இழுவை உண்டு. இராணுவம் கழித்துவிட்டதைத் தோட்டங்கள் வாங்கியது கொழுந்தும் உரமும் விறகும் ஏற்றத்தான். அந்த நாட்களில் அது அரிசி மூட்டையையும் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றியது.

அப்படி ஓடிய ஒரு லொறியைப் பற்றி நமது சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. வெள்ளம் வடிந்து சில வாரங்களில் அந்த லொறியின் கியர் பெட்டி உறும ஆரம்பித்தது. இறக்கத்தில் கியர் தானாகவே கழன்றது. கராஜில் அடைப்பைத் திறந்தால் கறுப்பு ஒயிலுக்குப் பதிலாகப் பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதோ வழிந்தது. உடனே தோட்ட நிர்வாகம் சாரதிக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. "கவனயீனமாக வண்டியைத் தண்ணீரில் இறக்கினீர், திருத்தச் செலவை மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்போம்" என்பது அதன் சாரம். தண்ணீரில் இறக்கச் சொன்னது யார் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. விசாரணை முடியும்வரை தோட்டத்தின் பெயரை நாம் எழுதவில்லை.

இந்த வழக்கில் சாரதியின் பக்கம் நிற்க வேண்டுமானால், தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத் தலைவர்களும் கிளீனர்களும் இதைப் பொறுமையாக வாசிக்கவும்.

கியர் பெட்டி மூடிய பெட்டிதான், ஆனால் அதற்கும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. மலை ஏறும்போது உள்ளே சூடேறி காற்று விரியும், அது வெளியேற ஒரு வழி வேண்டும். சூடாக இருக்கும் அந்தப் பெட்டி திடீரென்று குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். சுருங்கும்போது பெட்டி வெளியிலிருந்து இழுக்கும். சூட்டோடு மூடி வைத்த சட்டியின் மூடி ஆறியதும் இறுகிப்போவதை நமது அடுப்படியில் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். மூச்சுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். தேய்ந்த சீல்கள் வழியாகவும் உறிஞ்சும்.

இராணுவத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் தண்ணீரில் இறங்கவேண்டிய இராணுவ வண்டிகளில் மூச்சுக்குழாய்களை இறப்பர் குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். இறப்பருக்கு ஆயுசு குறைவு. பழைய வண்டியில் அந்தக் குழாய் வெடித்திருக்கும், அல்லது யாரோ வெட்டி எடுத்து வேறு எதற்கோ பாவித்திருப்பார்கள். சில இடங்களில் துணியைத் திணித்து அடைத்து வைத்திருப்பதும் உண்டு. அது இன்னும் மோசம்: சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும், பிறகு அதே ஓட்டையால் தண்ணீர் உள்ளே போகும். முறைப்பாட்டில் உள்ள லொறியின் மூச்சுக்குழாயில் இறப்பரே இல்லை என்று பாஸ் சொல்லியிருக்கிறார். அதைப் போடவேண்டியது சாரதியா, நிர்வாகமா?

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். கியர் பெட்டிக்குள் பற்கள் சுழன்று அடிக்கிற அடியில் சேர்ந்துவிடும். தயிர் கடைவது மாதிரித்தான். அந்தக் கலவை பார்க்கத் தடிப்பாக இருந்தாலும், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் தாங்கி நிற்கும் பலம் அதற்கு இல்லை. பெரிங் துருப்பிடிக்கும், பொரிந்து குழி விழும், பல் தேயும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே சத்தம் கேட்கும். தானியங்கி கியர் உள்ள வண்டியானால் சேதம் இன்னும் சீக்கிரம், அதன் உராய்வுத் தட்டுகளில் ஒட்டியிருக்கும் பட்டைகள் தண்ணீர் பட்டால் கழன்றுவிடும்.

ஆகவே தண்ணீரில் இறங்கிய வண்டியை அன்றே, பிந்தினால் மறுநாள் காலையிலாவது பார்க்க வேண்டும். இரவு நிறுத்தி வைத்தால் கலக்காத தண்ணீர் பாரத்தால் அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அடியில் உள்ள அடைப்பை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் சொட்டும். சந்தேகம் இருந்தால் ஒயிலை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைத்துப் பாருங்கள். சூடான தகட்டில் ஓரிரு துளி விடுவது இன்னொரு வழி, தண்ணீர் இருந்தால் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யவும்.

நிறம் மாறியிருந்தால் ஒருமுறை மாற்றுவது போதாது. இங்கேதான் நிர்வாகங்கள் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கின்றன. பெட்டியின் மூலைகளிலும் பெரிங்குகளிலும் கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். முழுவதையும் வடித்து, புது ஒயில் ஊற்றி, பாரம் ஏற்றாமல் கொஞ்சத் தூரம் ஓட்டி, சூட்டோடு மறுபடி வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை இப்படித்தான். டீசல் ஊற்றிக் கழுவிவிட்டு அப்படியே கொழுந்து ஏற்ற அனுப்பும் பழக்கத்தை விடவேண்டும், மிஞ்சிய டீசல் புது ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். கியர் பெட்டியோடு நிறுத்தவும் கூடாது. முன் எக்ஸல், பின் எக்ஸல், நடுவில் உள்ள ரான்ஸ்பர் பெட்டி, சில்லு பெரிங்கின் கிறீஸ் எல்லாம் அதே தண்ணீரில்தான் நின்றன. வடித்த ஒயிலைக் கானில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து வைக்கவும். கீழே லயத்துப் பீலிக்கு வருவதும் அந்த மலைத் தண்ணீர்தான்.

பிரேக் ஒயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது கொதித்து ஆவியாகும், மிதி பலகைவரை போகும், வண்டி நிற்காது. அதே நேரம் கியரும் கழன்றால்? றத்தொட்டை, கம்மடுவைப் பக்கத்து வளைவுகளை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. அந்த லொறியின் பின்னால் கொழுந்து மூட்டைகளோடு நமது பெண்களும் ஏற்றப்படுகிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்ட முடியாது. நிர்வாகம் நினைத்தபடி திருத்தச் செலவைப் பிடிக்க அதில் இடமில்லை. அதனால்தான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க அவசரப்படுகிறார்கள். விளங்காத மொழியில் எழுதிய எந்தக் காகிதத்திலும், தலைவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடவேண்டாம். விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் சேர்த்துவிட்டது. ஆனால் நட்டஈடு வாங்கும் நிலைக்கு யாரும் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க இராணுவம் 1951இல் தனது சிப்பாய்களுக்காக வாகனப் பராமரிப்பைச் சொல்லும் ஒரு மாத சஞ்சிகையைத் தொடங்கியது. வில் ஐஸ்னர் என்ற பேர்போன சித்திரக்கதை ஓவியரை வைத்துப் படக்கதையாகவே போட்டார்கள். தடித்த கைநூலைச் சிப்பாய் வாசிக்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது சாரதிக்கோ கைநூலே கொடுக்கப்படவில்லை. கொடுத்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். ஒயில் எப்போது பார்ப்பது, தண்ணீரில் எந்த அளவுவரை இறங்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் எழுதி லொறிக்குள் ஒட்ட எவ்வளவு செலவாகும்? அது கவனயீனக் கடிதம் ரைப் பண்ணுவதைவிட அதிகமாகாது.

அந்தச் சாரதிமேல் உள்ள குற்றச்சாட்டை நிர்வாகம் எழுத்தில் வாபஸ் வாங்க வேண்டும். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு லொறியும் டிரக்டரும் நிர்வாகச் செலவில் பரிசோதிக்கப்பட வேண்டும், மூச்சுக்குழாய்கள் மாற்றப்பட வேண்டும். அதுவரை அந்த வண்டிகளில் ஆட்களை ஏற்றக்கூடாது. பெரட்டுக் களத்திலிருந்து தூர மலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வாகனம் வேண்டும், இல்லையென்றால் நடந்து போகும் நேரம் வேலை நேரத்தில் சேர வேண்டும். இது மறுக்கப்பட்டால் மாத்தளைத் தொழில் அலுவலகத்துக்குப் போவோம்.

சாரதிகளே, வெள்ளத்தில் வண்டி இறக்கச் சொன்னால் யார் சொன்னார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று அன்றே லொக் புத்தகத்தில் எழுதுங்கள். ஒயில் நிறம் மாறியிருந்தால் அதையும் எழுதி, துரையிடமோ கிளாக்கரிடமோ கையெழுத்துக் கேளுங்கள். போடமாட்டேன் என்றால் "போட மறுத்தார்" என்றே எழுதிவிடுங்கள். அந்தப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் தோட்டத் தலைவர்கள் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.