கூகையின் முகம்

மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. பரமேசுவரா நெல்லிமரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டைநாயை ஒரு சருகுமான் உதைத்துத் தள்ளியதாம். மலாக்கா மரம் என்பது நம் நெல்லியேதான். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள, கொம்பே இல்லாத அந்தச் சின்னஞ்சிறு விலங்குக்கு அரசு மரியாதை கிடைத்திருக்கிறது. 1994இல் ஒரு சிறிய காருக்கும் அதன் மலாய்ப் பெயரான கஞ்சில் சூட்டப்பட்டது.

இதே மாநிலத்தின் தோட்டங்களில் இன்னொரு விசித்திரமான உயிர் வாழ்கிறது. அதற்கு நாம் கொடுத்தது வசைதான். ‘ஆந்தை முழி’ என்று பிறரைக் கேலி செய்கிறோம். மலாய்மொழியிலும் ஆந்தைக்குப் ‘பேய்ப் பறவை’ என்றே பொருள்படும் பெயர்.

ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். இரவில் கூகை அலறினால், பாட்டி அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து வாசலில் வீசுவார். தாத்தா இறந்த வாரத்திலும் அது அலறியது. “அன்னைக்கே சொன்னேனே, அது வந்து கூப்பிட்டுப் போயிருச்சு” என்று பாட்டி பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு ஓராண்டாகவே விடாத இருமல் இருந்ததை யாரும் பேசவில்லை. பழி முழுவதும் கூகைமேல் விழுந்ததால், அவரை ஏன் முன்பே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவில்லை என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. மூடநம்பிக்கை பறவையை மட்டும் வருத்துவதில்லை என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

பாட்டியை நான் இகழவில்லை. மின்விளக்கு இல்லாத லயத்து வீட்டில், நள்ளிரவில் அந்த அலறலைக் கேட்டால் எவருக்கும் நெஞ்சு நடுங்கும். ஆனால், அந்த முகத்தைப் பகலில் ஒருமுறை பார்க்க வேண்டும். வெள்ளை நிறத்தில், இதய வடிவில், யாரோ மாவு பூசிவிட்டது போன்ற முகம்! அது ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு. இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால், கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பை வைத்தே அது இருக்குமிடத்தைக் கூகை அறிந்துகொள்ளும். முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. எனவே, குஞ்சுகள் படிக்கட்டுபோல் ஒன்றைவிட ஒன்று சிறியதாக நிற்கும். மூத்த குஞ்சு சில வேளை தன் இரையை இளையதற்குக் கொடுப்பதைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வங்காளத்தில் திருமகளின் ஊர்தியே ஆந்தைதான்.

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்த் தோட்டம் போட்டார். பிற்காலத்தில் இரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கு மாறின. செம்பனைப் பழத்தைத் தேடி எலிகள் பெருகின. எலிகளைத் தேடிக் கூகைகள் வந்தன. நஞ்சுக்கும் எலிகள் பழகிப்போனதால், தோட்ட நிர்வாகங்கள் கம்பங்களில் மரப்பெட்டிகளைப் பொருத்திக் கூகைகளுக்கு வீடு அமைத்தன. கூலி கேட்காத இந்தக் காவல்காரனுக்கு இன்றும் ஆபத்து உண்டு. கடுமையான நஞ்சைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். பெட்டியைக் குறிவைத்துக் கல்லெறியும் சிறுவர்களும் இருக்கிறார்கள்.

அழகாக இருக்கிறது என்பதற்காகக் கூண்டில் அடைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஹாரி பாட்டர் கதைகள் புகழ்பெற்ற பின்னர், இந்தோனேசியப் பறவைச் சந்தைகளில் ஆந்தை விற்பனை பெருகியதை ஆய்வாளர்கள் கண்டனர். கைப்பேசியில் ‘செல்லமாக இருக்கிறது’ என்று பகிரும் காணொளி, எங்கோ ஒரு கூட்டைக் காலியாக்கக்கூடும். தோட்டத்துக் கூகை கம்பத்துப் பெட்டியிலேயே இருக்கட்டும். நாம் கீழே நின்று பார்ப்போம்.

சென்ற ஆண்டு அந்தத் தோட்டத்திற்குப் போயிருந்தேன். எங்கள் பழைய லயத்திற்கு அருகில் ஒரு பெட்டி இருந்தது. அதன் வாசலில் இரண்டு வெள்ளை முகங்கள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. பயமில்லையா என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

“பயமா? ராத்திரி பூரா அதுங்க கொறட்டை விடுதுங்க, டீச்சர். அதான் தூக்கம் வரல” என்றார்.