யன்னல் சீலையில் அடம்பன் கொடி



வீட்டை அழகுபடுத்துவது பற்றி இம்முறை எழுதுகிறேன். “கூரைக்கே வழியில்லை, அழகு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒருகாலம் அப்படிக் கேட்டவள்தான்.

2006 ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோம். கிளிவெட்டி முகாமில் பல வருடங்கள் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே கழிந்தன. 2016 இல் காணிக்குத் திரும்பியபோது பழைய வீட்டின் அத்திவாரம்கூட இருக்கவில்லை. பிறகு கட்டிய வீட்டின் வெறும் சீமெந்துச் சுவரைப் பார்த்தபடி அம்மா பேசாமல் இருப்பார். கேட்டால், “ஆரோ ஆக்களின்ட வீடு மாதிரி இருக்கு பிள்ளை” என்பார்.

அவருக்காகச் சுவருக்கு ரோசாப்பூப் போட்ட கடதாசி வாங்கி ஒட்டினேன். எங்கள் உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் அது தாக்குப்பிடிக்கவில்லை. மூலையிலிருந்து உரிந்து, பின்னால் பூஞ்சணம் பிடித்தது. காசு வீண். துணியென்றால் கழற்றித் தோய்த்துக் காயவிடலாம். ஆகவே பத்திக் பழகினேன்.

எதை வரைவது? சுவர்க் கடதாசிக்கும் திரைச்சீலைக்கும் பேர்போன இங்கிலாந்துக்காரர் வில்லியம் மொரிஸ். அவர் 1883 இல் வெளியிட்ட புகழ்பெற்ற துணியில் இருப்பவை, அவரது தோட்டத்தில் ஸ்ட்ரோபெரிப் பழம் களவெடுத்த குருவிகள்தான். எமது நாட்டில் பத்திக் கலையை உயர்த்திய எனா டி சில்வா அம்மையார் (1922–2015), மாத்தளை அளுவிகாரையில் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இத்தொழிலை நடத்தினார். பென்தோட்டையில் ஜெப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் மண்டபக் கூரையை அலங்கரித்ததும் அவரது பத்திக் துணிகளே. அழகைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை என்று இவர்களிடம் கற்றேன்.

எங்கள் கரையில் அடம்பன் கொடி படர்ந்து கிடக்கிறது. இலை ஆட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கும். ஓர் இலையைப் பறித்து வந்து, மட்டையில் வைத்து வரைந்து வெட்டினேன். அச்சு தயார்.

செய்முறை இதுதான். பருத்தித் துணியைக் கஞ்சி போக அவித்து அலசிக் காயவிடுங்கள். அச்சை வைத்துப் பென்சிலால் கொடியை வரையுங்கள். தேன்மெழுகையும் பரபின் மெழுகையும் கலந்து உருக்கி, கொடி முழுவதையும் தூரிகையால் நிரப்புங்கள். பரபின் கூடினால் மெழுகு வெடித்துக் கோடுகள் விழும். பிறகு ஆறிய நீலச் சாயத்தில் தோயுங்கள். சூடான சாயம் மெழுகை உருக்கிவிடும். நிழலில் காயவிட்டுக் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்று, நீலத்தில் வெள்ளைக் கொடி தெரியும்.

கவனம்: மெழுகு ரின்னை நேரே நெருப்பில் வைக்கவேண்டாம், தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குங்கள். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. கையுறை போடுங்கள். சாயத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம்.

முதற் சீலையை யன்னலில் கொழுவிய அன்று அம்மா எழும்பி வந்து இலையைத் தடவினார். “இது எங்கட கரையில கிடக்கிற அடம்பனெல்லோ?” என்றார். பூவின் ஊதா நிறம் அதில் இல்லை. இலையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அன்றிரவு பழைய வீட்டின் கிணறு, வேலிப் பூவரசு, அப்பா வலை காயப்போட்ட இடம் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். பத்து வருடமாக வாய் திறக்காத கதைகள் அவை.

இப்போது நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து தலையணை உறை, கட்டில் விரிப்பு செய்கிறோம். விலை போடும்போது துணி, மெழுகு, சாயம், விறகு ஆகியவற்றோடு உங்கள் நாட்கூலியையும் கட்டாயம் எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டு முதல் மாதம் ஏமாந்தவள் நான். ஐவரும் ஒரே விலை சொல்லத் தொடங்கிய பிறகு வியாபாரி பேரம் பேசுவது குறைந்தது.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உங்கள் வளவில் என்ன படர்ந்திருக்கிறது? இன்றைக்கே ஓர் இலையைப் பறித்து வரைந்து பாருங்கள்.