கட்டபொம்மனுக்கு எத்தனை அரியர்?

கட்டபொம்மன்னு சொன்னதும் நம்ம காதுல முதல்ல கேக்குறது சிவாஜியோட குரல்தான். படம் வந்தது 1959-ல். இன்னைக்கும் ஆகஸ்ட் 15 வந்தா யாராவது ஒருத்தர் ஒட்டு மீசையோட மேடை ஏறி அந்த வசனத்தைப் பேசுவாங்க, நாம விசில் அடிப்போம். நல்ல வசனம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அதனால ஒரு நஷ்டமும் இருக்கு. கட்டபொம்மன்னா வரியே கட்ட மாட்டேன்னு நின்ன ஆள், கதை அவ்வளவுதான்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. நடந்தது அதைவிடப் பெரிய விஷயம். அதுல எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல அரியர் கணக்கைப் பார்ப்போம். (நமக்குப் புரியுற பாஷைதானே!) 1798 மே மாதக் கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய கிஸ்தி பாக்கி 3310 பகோடா. டீக்கடை பகோடா இல்லீங்க, வராகன்னு சொல்லுவோமே, அந்தத் தங்க நாணயம். கலெக்டர் ஜாக்சன், ராமநாதபுரத்துக்கு வந்து என்னைப் பாருன்னு ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் வழியிலேயே பார்த்துப் பேசிடலாம்னு குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போனார். ரெண்டு இடத்திலயும் ஜாக்சன் பார்க்க மறுத்துட்டார். கலெக்டர் பின்னாடியே 23 நாள், சுமார் 400 மைல். கடைசியில செப்டம்பர் மாதம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சந்திப்பு நடந்தப்போ கணக்கைப் பார்த்தா பெரும்பகுதி ஏற்கெனவே கட்டியாச்சு. மிச்சம் 1080 பகோடாதான். அப்படியும் அவரை மணிக்கணக்கா நிக்க வெச்சாங்க, பிடிக்கப் பார்த்தாங்க, கைகலப்பு ஆச்சு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கிட்டார்.

அதுக்கப்புறம் கட்டபொம்மன் செஞ்சதுதான் எனக்கு ஆச்சரியம். உடனே வாளைத் தூக்கலை. சென்னை கவுன்சிலுக்கு எழுதினார். கம்பெனி விசாரணைக் கமிட்டி போட்டது, தானாபதி விடுதலை ஆனார், ஜாக்சன் பதவி போச்சு. நம்ம பாஷையில சொன்னா, ரீவேல்யுவேஷன் போட்டு பாஸ் ஆன கேஸ். இந்த சீனுக்கு யாரும் விசில் அடிக்கிறதில்ல.

அப்போ பாக்கி கட்டுற ஆளு ஏன் சண்டைக்குப் போனார்? இதுக்குப் பதில் தேட கொஞ்சம் தூரம் போகணும், அமெரிக்கா வரைக்கும்.

1773 டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்துல 342 பெட்டி தேயிலையைக் கடல்ல கொட்டினாங்க. அது நம்ம ஊரை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியோட சரக்கு. இதுல விசேஷம் என்னன்னா, அந்த வருஷம் வந்த சட்டத்தால தேயிலை விலை குறைஞ்சிருந்தது. ராத்தலுக்கு மூணு பென்ஸ் வரி மட்டும் மிச்சம். விலை குறைஞ்ச பொருளை எவனாவது கடல்ல கொட்டுவானா? கொட்டினாங்க. ஏன்னா அவங்க கேள்வி 'எவ்வளவு' இல்ல, 'நீ யாரு' என்பது. நாங்க ஆள் அனுப்பாத பார்லிமென்ட் எங்க மேல எப்படி வரி போடும்னு 1765-லேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சண்டை ஆரம்பிச்ச பிறகும், 1775 ஜூலையில் ராஜாவுக்கு ஒரு சமாதான மனு போச்சு. சுதந்திரம்னு அறிவிச்சது அதுக்கு அடுத்த வருஷம்தான்.

அந்தப் போர்ல 1781-ல் யார்க்டவுனில் சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். அதே மனுஷன் அஞ்சு வருஷத்துல இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலா வந்தார். 1792-ல் ஆற்காட்டு நவாப்போட அவர் போட்ட ஒப்பந்தத்துலதான் பாளையக்காரர்கள்கிட்ட கிஸ்தி வசூல் பண்ணுற உரிமை கம்பெனி கைக்குப் போச்சு. நவாப் கம்பெனிக்குக் கடன்காரர். அவர் தர வேண்டிய பணத்துல இந்த வசூலைக் கழிச்சுக்கலாம்னு ஏற்பாடு. யாரோ வாங்கின லோனுக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து ஈ.எம்.ஐ. கேட்டா எப்படி இருக்கும்? அந்த ஒப்பந்தத்துல பாஞ்சாலங்குறிச்சியின் கையெழுத்து கிடையாது. கட்டபொம்மனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. 3310-ஆ 1080-ஆ என்பது சின்ன விஷயம். பாஸ்டன் கேட்ட அதே கேள்விதான் இங்கயும் இருந்தது.

இப்போ எங்க ஊருக்கு வர்றேன். தாமிரபரணிப் பாசனத்துல விளைஞ்ச நெல்லைச் சேர்த்து வைக்க ஸ்ரீவைகுண்டத்துல கம்பெனிக்குக் கிடங்கு இருந்தது. தானாபதி பிள்ளையோட ஆட்கள் அதைச் சூறையாடினாங்க, காவலாள் ஒருத்தர் உயிர் போச்சுன்னு சொல்லப்படுது. அதுக்கப்புறம் விஷயம் கைமீறிப் போச்சு. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபரில் கயத்தாறில் தூக்கு.

நம்ம ஆட்கள் இந்தக் கிடங்கு விஷயத்தை ஒண்ணு வீரச்செயல்னு கொண்டாடுவாங்க, இல்ல தானாபதி தலையில பழியைப் போட்டுட்டு நகர்ந்துடுவாங்க. நான் கேக்குறது வேற. அந்த நெல் யாரோடது? கம்பெனிக்காரன் நாத்து நடல. பாஞ்சாலங்குறிச்சிக்காரங்களும் நடல. அந்தப் பக்கத்து விவசாயி சர்க்காருக்கு வரி அளந்தான். அதுக்கு மேல காவலுக்குன்னு பாளையக்காரர்களுக்கு தேசகாவல், ஸ்தலகாவல்னு தனியா அளந்தான். ரெண்டு பக்கமும் கொடுத்த அவனை, ரெண்டு பக்கமுமே எதுவும் கேட்டதா தெரியல.

1799 தோத்ததுக்கு எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்னதையும் புதுக்கோட்டை மன்னர் கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்ததையும் காரணமா சொல்லுவோம். சரிதான். ஆனா இந்த விவசாயி ஒதுங்கி நின்னதையும் சேர்க்கணும்னு நினைக்கிறேன். அமெரிக்காவுல 13 குடியேற்றங்களும் கமிட்டி போட்டு ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதிக்கிட்டாங்க. வரியை ஊரோட பிரச்சினையா மாத்தினாங்க. (அங்கயும் அடிமைகளா இருந்தவங்களை யாரும் கேக்கலை, அதையும் சொல்லிடணும்.) இங்க அது பாளையக்காரருக்கும் கலெக்டருக்கும் நடுவுல இருந்த கணக்கு வழக்காவே ரொம்ப நாள் இருந்துடுச்சு.

மாறினது 1801-ல். பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிச்சுப் போட்ட கோட்டை சில நாள்ல மறுபடி எழுந்தது. அந்தச் சண்டையில எங்க ஊர் பெருமாள் கோவில்கூட கோட்டையா பயன்பட்டிருக்கு. ஜூன் 16-ல் மருது பாண்டியர் பேர்ல திருச்சிக் கோட்டைச் சுவர்லயும் ஸ்ரீரங்கம் கோவில் சுவர்லயும் ஒரு அறிக்கை ஒட்டினாங்க. அது கூப்பிட்டது பாளையக்காரர்களை மட்டும் இல்ல. நாலு வர்ணத்தாரையும் முஸ்லிம்களையும், எல்லாரையும். கிஸ்தி பாக்கியில ஆரம்பிச்ச தகராறு மூணே வருஷத்துல இந்த மண்ணை யார் ஆளுறது என்ற இடத்துக்கு வந்துடுச்சு. பாஸ்டன் தேயிலையிலிருந்து சுதந்திரப் பிரகடனத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான் ஆச்சு. ஆனா இங்க மே மாதமே பாஞ்சாலங்குறிச்சி விழுந்திருந்தது. அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டாங்க, நவம்பரில் ஊமைத்துரைக்கும் மரண தண்டனை கொடுத்தாங்க.

அடுத்த ஆகஸ்ட் 15-க்கு ஸ்கிட் போடப்போற ஜூனியர்ஸ்கிட்ட ஒரு வேண்டுகோள். ஒட்டு மீசை இருக்கட்டும், அந்த வசனமும் இருக்கட்டும். கூடவே ராமநாதபுரத்துல கணக்கு முடிஞ்சும் நின்னுக்கிட்டே இருந்த கட்டபொம்மனையும் காட்டுங்க. அப்படியே ஸ்ரீவைகுண்டம் கிடங்குல நெல் அளந்து போட்டுட்டு வெளிய வர்ற ஒரு விவசாயிக்கும் ரெண்டு வரி வசனம் எழுதுங்க. ஆள் கிடைக்கலைன்னா நான் நடிக்கிறேன். பைனல் இயர்தான், ஆனா அதுக்காக பஸ் ஏறி வர்றேன்.