நிரூபிக்க வேண்டியவர் யார்?

1986 ஜனவரி 28. இலங்கையில் இரவு பத்து மணி கடந்த வேளை. டயகமவில் லயன் காம்பராக்களின் குப்பி விளக்குகள் அணைந்து வெகுநேரமாகியிருந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அப்போது முற்பகல். ஏழு பேருடன் புறப்பட்ட 'சலெஞ்சர்' விண்ணோடம் 73 விநாடிகளில் வானிலேயே சிதறியது. மறுநாட் காலை, பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்துக்கிடையே, பற்றரி வானொலியில் அச்செய்தியைக் கேட்டோம். இறந்தவர்களுள் ஒருவர் பாடசாலை ஆசிரியை என்பது, அப்போது பாடசாலை மாணவராயிருந்த எமது மனதில் ஆழப் பதிந்தது.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே எமது தாயார் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு படிச்சவங்களுக்கு முன்னுக்கே தெரியாதா?" பதில் சொல்ல அன்று எவராலும் முடியவில்லை. அக்கேள்விக்கான விடை பின்னர் விசாரணைகளில் வெளிவந்தது. தெரிந்திருந்தது என்பதே அந்த விடை. தெரிந்தவர்கள் சொல்லியும் இருந்தார்கள். அவ்விடை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல என்பதாலேயே, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதைப் பற்றி எழுத வேண்டியுள்ளது.

சலெஞ்சரின் பக்கவாட்டு ரொக்கெட்டுகள் பல துண்டங்களாகச் செய்யப்பட்டு ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. பொருத்துகளின் ஊடாக நெருப்பு கசியாமல் காத்தவை ரப்பர் வளையங்கள். புறப்பாட்டுக்கு முந்திய இரவு ஏவுதளத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கியது. ஜனவரிப் பனி கொழுந்தைக் கருக்குவதைக் கண்டறிந்த டயகம மக்களுக்குக் குளிர் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குளிரில் ரப்பர் விறைத்தது. உரிய நேரத்தில் விரிந்து இடைவெளியை அடைக்கவில்லை. விசாரணை ஆணைக்குழுவின் உறுப்பினரான பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்து, அது விறைத்துப்போவதைப் பகிரங்க அமர்விலேயே காட்டினார்.

ஆயினும் அனர்த்தத்தின் வேர் ரப்பரில் மாத்திரம் இருக்கவில்லை. ரொக்கெட்டுகளைத் தயாரித்த மோர்ட்டன் தியோக்கோல் நிறுவனத்தின் பொறியியலாளர் ரொஜர் போய்ஸ்ஜோலி, வளையங்களின் குறை உயிர்களைப் பலிகொள்ளும் என 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். புறப்பாட்டுக்கு முந்திய இரவு நாசா அதிகாரிகளுடன் நடந்த தொலைபேசி மாநாட்டில் அவரும் சகாக்களும் இக்குளிரில் ஏவ வேண்டாமென வாதிட்டனர். அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. நிறுவன மேலாளர்கள் தனியே கூடிப் பேசித் தமது பொறியியலாளர்களின் பரிந்துரையை மாற்றினர். அந்த இரவில் கேள்வியே தலைகீழானது. "பாதுகாப்பானது என்று காட்டுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், "ஆபத்தானது என்று நிரூபியுங்கள்" எனக் கேட்கப்பட்டது. ஐயப்பட்டவர்களிடம் முழுமையான சான்று இருக்கவில்லை. ஏழு உயிர்கள் பலியானபோதே அந்தச் சான்று கிடைத்தது.

அன்று வேண்டாமென்று வாதிட்டவர்களுள் பொப் எபெலிங் என்பவரும் ஒருவர். விண்ணோடம் வெடித்துவிடும் என்று அன்றிரவே மனைவியிடம் கூறியவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், தமது 89ஆவது வயதில் அமெரிக்க வானொலியொன்றுக்கு வழங்கிய செவ்வியில், தம்மால் போதிய அளவு வாதாட முடியவில்லை என்ற குற்றவுணர்வை அவர் வெளிப்படுத்தினார். நேயர்கள் நூற்றுக்கணக்கில் ஆறுதல் கடிதங்கள் எழுதினர். இரு மாதங்களில் அவர் காலமானார். எச்சரித்தவர் முப்பது வருடம் அந்தச் சுமையைச் சுமந்தார் என்பதையும், எச்சரிக்கையைத் தள்ளியவர்கள் அதே அளவு சுமந்தார்களா என்பதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

முன்னைய பறப்புகளில் வளையங்கள் சேதமடைந்திருந்தும் விண்ணோடங்கள் பத்திரமாகத் திரும்பின என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும். 1985 ஜூனில் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் சல்மான் 'டிஸ்கவரி' விண்ணோடத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதலாவது முஸ்லிம் என்ற பெருமையைப் பெற்றார். உலக முஸ்லிம்கள் மகிழ்ந்த அப்பயணத்திலும் பயன்பட்டவை அதே வகை ரொக்கெட்டுகளே. ஒருமுறை தப்பினால் அது எச்சரிக்கை; பலமுறை தப்பினால் அதுவே வழமை. இப்படித்தான் ஆபத்து கண்ணுக்குப் பழகிப்போகிறது.

பழகிய கண் திருந்தவில்லை என்பதற்குச் சாட்சி 'கொலம்பியா'. 2003 ஜனவரி 16இல் அது புறப்பட்டு 82 விநாடிகளில், எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டொன்று இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டுமெனப் பொறியியலாளர்கள் கேட்டனர். மேலிடம் அதைக் கைவிட்டது. பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்புகையில் விண்ணோடம் சிதறி, இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். நுரைப்பொருளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நிறுவனக் கலாசாரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என விசாரணைச் சபை முடிவு செய்தது. பதினேழு ஆண்டுகள் கழிந்தும், ஆபத்தை நிரூபிக்கும் பொறுப்பு ஐயப்பட்டவர் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது.

அவ்வாறாயின் விண்வெளிப் பணியில் தவறே நேராத இடம் உண்டா? இல்லை. தவறை ஏற்ற இடம் உண்டு. மலையக மக்களின் முன்னோர் தனுஷ்கோடி - தலைமன்னார் வழியாக இந்நாட்டுக்கு வந்த காலத்தில், அவ்வழியிலுள்ள இராமேஸ்வரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகனாக 1931இல் பிறந்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் முதலாவது செய்மதி ஏவு ரொக்கெட்டான எஸ்.எல்.வி-3 ஏவப்பட்டபோது, அத்திட்டத்தின் பணிப்பாளர் அவரே. இறங்கு எண்ணிக்கையின் இறுதி நிமிடங்களில் கணினி தடை போட்டது. கட்டுப்பாட்டுத் தொகுதியில் கசிவு இருந்தது. இருப்பு போதும் என்று நிபுணர்கள் கூறினர். கணினியை மீறி ஏவ முடிவு செய்தவர் தாமே எனப் பின்னாளில் அவர் பல மேடைகளில் கூறினார். முதற்கட்டம் சரியாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்த ரொக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அதன் பின் நடந்தவையே முக்கியமானவை. ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, கசிவை அற்பமென மதித்த தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். பத்திரிகையாளர்களின் முன்னிலையில் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்வியின் பொறுப்பைத் தாம் ஏற்றார். 1980 ஜூலை 18ஆம் திகதி அடுத்த எஸ்.எல்.வி-3 ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார். தோல்வியில் தலைவர் முன்னே நின்றார். வெற்றியில் பின்னே நின்றார். எச்சரிக்கையை மீறியவரே அதனை மறைக்காமல் கூறியதால் குறை கண்டறியப்பட்டது. அந்த ரொக்கெட்டில் மனிதர் எவரும் இருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் விண்வெளிப் பணி உயிர் கேட்கும் பணி என்பதை அந்நிலையமும் அறியும். 2004 பெப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் திண்ம எரிபொருள் ஆலையில் ஏற்பட்ட விபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். வானத்தை எட்டாத அவர்களின் பெயர்களை உலகம் அறியாது.

பெயர் அறியப்படாத தொழிலாளர் என்றதும் எமது மண் நினைவுக்கு வருகிறது. எமது பிள்ளைப் பருவத்தில் மலையகத் தோட்டமொன்றில் லயத்துக்கு மேலே மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களே முதலிற் கண்டனர். பெரட்டில் கங்காணியிடம் கூறினர். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் கூறினார். கணக்கப்பிள்ளை துரையிடம் கூறத் தயங்கினார். இறுதியில் கிடைத்த மறுமொழி, "மலை சரியப்போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்பதுதான். அந்த மாரியில் ஒரு காம்பராவின் பின்சுவர் விழுந்தது. பிள்ளைகள் அயல் வீட்டில் உறங்கியதால் உயிர்கள் தப்பின. நாசாவின் தொலைபேசி மாநாட்டைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, அந்த மறுமொழியே எமது காதில் ஒலித்தது.

எல்லா லயங்களும் அவ்வாறு தப்பவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அது ஆபத்தான இடம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று நிலமும் வீடும் உரிய வேளையில் கிடைக்கவில்லை. வெளியேறு என்று சொல்லிவிட்டு, எங்கே போவது என்று சொல்லாமல் விடுவது எச்சரிக்கையாகாது. அது பொறுப்பைக் கைகழுவும் செயலாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை, மலைநாட்டைப் பிளந்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் காவுகொண்டபோதும் இக்கேள்வியே மீண்டும் எழுந்தது.

விண்ணோட அனர்த்தங்களிலிருந்து மலையகம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. லயத்துக்கு மேலே வெடிப்புக் கண்டதாக ஒரு தொழிலாளி கூறினால், ஆபத்தை நிரூபிக்குமாறு அவரைக் கேட்கக் கூடாது. அங்கு தொடர்ந்து குடியிருக்கலாம் என்று கூறும் நிர்வாகமும் அதிகாரிகளுமே பாதுகாப்பை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அம்முறைப்பாடு திகதியிட்டுப் பதியப்பட வேண்டும். பதிலளித்தவரின் பெயரும் பதியப்பட வேண்டும். ஆய்வறிக்கைகள் தமிழில் தோட்டத்துக்கு வந்து சேர வேண்டும். மாற்றுக் காணியின்றி வெளியேற்றக் கட்டளை பிறப்பிக்கப்படக் கூடாது. இவற்றுக்கு ரொக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளச் சொல்கிறது தமிழ் மரபு. கலந்தாலோசித்து முடிவெடுக்கும் மஷூராவை வலியுறுத்துகிறது இஸ்லாம். இரண்டையும் அறிந்த நாம் அவற்றை நிர்வாகத்திடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

எமது தாயார் இன்றில்லை. முன்னுக்கே தெரியாதா என்ற அவரது கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். தெரியும், அம்மா. மலையில் நிற்பவருக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் முன்னுக்கே தெரியும். அவர்கள் சொல்லும்போது நிரூபிக்கச் சொல்லாமல் எழுந்து வந்து பார்க்கும் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், அடுத்த மாரியில் சில காம்பராக்களிலேனும் விளக்கு அணையாதிருக்கும்.