காப்பீடு இருந்தும் கையிலிருந்து கட்டுவது ஏன்?

மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று, இனி மருத்துவச் செலவைப் பற்றிக் கவலையில்லை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால், நோயாளி வீடு திரும்ப வேண்டிய நாளில், பில்லில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்டது என்ற செய்தி வருகிறது. உடனே நகையோடு அடகுக்கடைக்கு ஓடும் குடும்பங்களை நம் பங்குகளில் காண்கிறோம். இதை ஏமாற்று வேலை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அது நாம் படிக்காமல் ஏற்றுக்கொண்ட நிபந்தனையே.

பலருக்கும் புரியாத நிபந்தனை அறை வாடகை பற்றியது. 3 இலட்ச ரூபாய் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகைக்கு 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் 6,000 ரூபாய் அறையை எடுக்கிறார்கள். நான்கு நாட்கள். கூடுதலான 12,000 ரூபாயைத்தானே நாம் கட்ட வேண்டும்? இல்லை. அறை இரு மடங்கானதால், மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைத்தான் நிறுவனம் தரும். இவை 96,000 ரூபாய் என்றால் 48,000 ரூபாய் நம் தலையில் விழும். அதன்பின், அனுமதித்த தொகையிலும் 10 விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற 'கோ-பேமென்ட்' இருந்தால் அதுவும் சேரும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் 80,000 ஆகி, மொத்த பில் 2 இலட்சமாக இருந்தால், கையிலிருந்து போவது 74,000 ரூபாய்!

இதில் மக்களுக்குச் சாதகமான விதிகளும் உண்டு. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் கட்டணத்தில் இப்படி விகிதப்படி கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் அறிவுறுத்தியது. அறைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. கழிக்கப்பட்ட கணக்கை வரிவரியாகக் கேட்டு வாங்கினால் தவறு இருப்பின் தெரிந்துவிடும்.

நோயாளியும் ஒரு பங்கு கட்டினால்தான் தேவையற்ற சிகிச்சை குறையும் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் தொடங்கிய பெரிய ஆய்வு வேறொன்றையும் காட்டியது. பங்கு கட்ட வேண்டியவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டுமல்ல, தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் முதியோருக்கான பாலிசிகளில்தான் இந்தப் பங்கு அதிகம் கேட்கப்படுகிறது. பிரீமியத்தையும் கூட்டி வாங்கி, படுக்கையில் விழும்போது பங்கும் கேட்பது எந்த வகையில் நியாயம் என்று நமக்கு விளங்கவில்லை.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு வகையானது. அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பயனாளி பங்கு கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் அட்டை பெறலாம். அட்டை பெறாதவர்களை அன்பியக் கூட்டங்களில் விசாரித்து உதவலாமே.

தனியார் பாலிசி வைத்திருப்போர், பீரோவில் உள்ள தாளை இந்த வாரமே வெளியே எடுக்கட்டும். பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் அறை வாடகை வரம்பும் கோ-பேமென்ட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஆங்கிலம் புரியவில்லையா? கேட்டால் அதைத் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி.