தோடர் செல்வமும் நமது கடமையும்

அன்னிய ஆட்சியில் நமது தேசத்தின் செல்வம் கடல் கடந்து போயிற்றென்று நாம் பன்முறை முறையிட்டோம். அம்முறையீடு நியாயமானதே. ஆயின், நீலகிரியிலுள்ள தோடர்கள் அதே முறையீட்டை நம்மை நோக்கிச் செய்வார்களாயின், நாம் என்ன விடை கூறுவோம்?

தோடர்கள் தொகையில் சுமார் 2,000 பேரே. அவர்களது பாஷை தமிழுக்கு உறவான திராவிட பாஷை. எருமையே அவர்களுக்குப் பரம்பரை ஜீவனம், பால்மனையே கோயில். மும்மூன்று அசை கொண்ட தொடர்களை இரட்டை இரட்டையாகக் கோத்து, நிகழ்ந்த சம்பவம் எதையும் அப்போதே பாட்டாக்க வல்லவர்கள். எமனோ என்ற பண்டிதர் 1930-களில் அங்கே தங்கிச் சேகரித்த அப்பாடல்கள் 1971-ம் வருஷத்தில் பெரிய நூலாக வெளிவந்தன. அவர்களுடைய ஸ்திரீகளோ, மாதிரிப் படம் ஏதுமின்றி, வெண்துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமான நூலால் அரிய பூவேலை செய்கிறார்கள்.

இத்தகைய உருவமற்ற செல்வத்தைக் காப்பதற்கென ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் 2003-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 2005-ல் அதை ஏற்றது. தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவை நல்ல காரியங்களே. ஆனால் இவற்றால் காரியம் முடிந்துவிட்டதென்று கருதுவது பெரும் பிழையாகும்.

சட்டத்தின் நிலைமையைச் சற்று ஆராய்வோம். புவிசார் குறியீடு காப்பது பெயரை, வேலைப்பாட்டையன்று. தோடர் வேலையென எண்ணத் தூண்டும் குறி எதுவுமின்றி ஒரு வியாபாரி அதே பூவை யந்திரத்தில் நெய்து விற்பாராயின், அவரைத் தடுப்பது அரிது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமோ, ஆசிரியர் ஒருவரைத் தேடி, அவருடைய ஆயுளும் அதன்மேல் 60 வருஷமும் உரிமை தருகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகமே வளர்த்த பாட்டுக்கு ஆசிரியர் யார்? பாடியவருக்குத் தம் பாட்டின்மேல் ஓரளவு உரிமை உண்டு, ஒலிப்பதிவின் உரிமை அதைப் பதிவு செய்வித்தவரைச் சேரும், சமூகத்துக்கோ ஒன்றுமில்லை.

இதனினும் பெரிய விஷயம் நிலம். எருமைக்குப் புல்வெளி வேண்டும். பால்மனையின் கூரைக்குச் சதுப்பு நிலத்துப் புல் வேண்டும். வெள்ளையர் நாளில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின்னும் நமது சர்க்காரே அப்புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டது. தேயிலையும் பரவிற்று. புல் போனால் எருமை போகும். எருமை போனால் சடங்கு போகும். சடங்கு போனால் பாட்டுக்குப் பொருள் போகும். பின்னர் காட்சிசாலையில் எஞ்சுவது உயிர் நீத்த சடலமேயன்றி வேறன்று.

“காலம் மாறுகிறது, மலைவாசிகள் என்றும் பழைய நிலையிலேயே இருக்க வேண்டுமோ?” என்று சிலர் வினவலாம். மாறுவதும் மாறாதிருப்பதும் அவர்கள் இஷ்டம். நிலத்தைப் பறித்துவிட்டு, அதன் விளைவைக் காலத்தின் மாறுதலென்று கூறுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். இதே வாதத்தை அன்று நம் நெசவாளரைக் குறித்து அன்னியர் கூறியபோது நாம் ஒப்பினோமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவின்மேல் சமூகத்துக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. மேய்ச்சல் உரிமையையும் தருகிறது. அதனைத் தோடர் மந்துகளில் முழுமையாக நிறைவேற்ற வேண்டும். அன்னிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையில் அவர்கள் யோசனையே முதன்மை பெற வேண்டும். அவர்கள் சம்மதமின்றி எப்பாட்டையும் எவரும் பதிவு செய்தலாகாது. செய்தவற்றின் பிரதி அவர்களிடம் சேர வேண்டும். ஆரம்பப் பள்ளியில் அவர்கள் பாஷைக்கு இடம் வேண்டும்.

தாய்மொழிக்காகப் போராடிய தமிழர், தம் வாயிலிலேயே ஒரு சகோதர மொழி ஊமையாவதைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது. நமக்கு வேண்டிய நீதியைப் பிறருக்கும் அளிப்பதே தேசாபிமானத்தின் உரைகல்லாகும்.